காய்ச்சல் தொடங்கியது சனிக்கிழமையா, திங்கட்கிழமையா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“டாக்டர், என் மகனுக்கு 13 வயது. போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தவன் தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டான். உடம்பு லேசாகச் சுட்டது, ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன். திங்கட்கிழமை நல்ல காய்ச்சல், டாக்டரிடம் கூட்டிப்போனோம். செவ்வாய்க்கிழமை பக்கத்து லேபில் கார்டு டெஸ்ட் எடுத்தார்கள். காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்று சொன்னேன். என்எஸ்1 நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ். ‘இப்போது டெங்கு இல்லை, எப்போதோ வந்து போயிருக்கிறது’ என்று அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. ஆனால் வயிற்றுவலியும் வாந்தியும் நிற்கவில்லை. அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். பிளேட்லெட் 58,000. எலைசாவில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று மறுநாள் சொன்னார்கள். நான்கு நாள் வைத்திருந்து குளுக்கோஸ் ஏற்றி நல்லபடியாக அனுப்பினார்கள். இதில் எந்த லேப் ரிப்போர்ட் தப்பு? சென்னையில் இருக்கும் என் நாத்தனார், ‘எந்த டைப் டெங்கு என்று பார்க்கச் சொல், டைப் 2 என்றால் ஆபத்து’ என்கிறார். அதை இப்போது எங்கே பார்க்கலாம்? 9 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் இப்போதே ஒரு டெஸ்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை நீங்கள் கையில் இருந்த ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல், பிள்ளையின் வயிற்றுவலியைப் பார்த்துக் கிளம்பினீர்களே, அதுதான் அவனைக் காப்பாற்றியது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டிய நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அப்போதுதான். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, இனி பயமில்லை’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் கதைகள் என் மனதில் நிறைய உண்டு.

சரி, எந்த ரிப்போர்ட் தப்பு? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு ரிப்போர்ட்டுமே சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தப்பிப்போனது நாள் கணக்கு.

சனிக்கிழமை சாயங்காலமே அவனுக்கு உடம்பு சுட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் காய்ச்சலை எண்ணத் தொடங்கியது டாக்டரைப் பார்த்த திங்கட்கிழமையிலிருந்து. உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். உடம்பு முதலில் சுட்ட சனிக்கிழமையை முதல் நாளாக வைத்தால், கார்டு டெஸ்ட் எடுத்த செவ்வாய்க்கிழமை நான்காவது நாள். லேப்காரர் மனதில் அது இரண்டாவது நாள். டெங்குப் பரிசோதனையில் இரண்டாவது நாள் ரத்தமும் நான்காவது நாள் ரத்தமும் ஒன்றே அல்ல.

ஏன் என்று சொல்கிறேன். கொசு கடித்து, வைரஸ் உடம்பில் பெருகிக் காய்ச்சல் தொடங்கும்போது ரத்தத்தில் வைரஸே ஓடிக்கொண்டிருக்கும். அதன் மரபுப்பொருளான ஆர்என்ஏவை முதல் ஐந்து நாட்களில் பிசிஆர் என்ற, மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் டெஸ்ட் மூலம் நன்றாகக் கண்டுபிடிக்கலாம், அப்புறம் வேகமாகக் குறைந்துவிடும். வைரஸ் புகுந்த செல்கள் என்எஸ்1 என்ற புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. அது முதல் நாளிலிருந்தே தெரியும், முதல் முறை டெங்கு வந்தவர்களுக்கு ஒரு வாரம்வரைகூட நிற்கும். நம் உடம்பு வைரஸை எதிர்க்கச் செய்யும் ஆன்டிபாடிகளில், அதாவது எதிர்ப்புப் புரதங்களில், ஐஜிஎம் நான்கு, ஐந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும், பத்தாம் நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லோரிடமும் வந்துவிடும். ஐஜிஜி இன்னும் தாமதம். முதல் தொற்றில் ஒரு வாரம் கடந்தபின் மெதுவாக ஏறி, அப்புறம் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

இதெல்லாம் முதல் முறை வந்தவர்களுக்கு. ஏற்கெனவே ஒரு வகை டெங்கு வந்து போன உடம்பில், வேறு வகை நுழையும்போது இந்த வரிசை மாறிவிடுகிறது. பழைய நினைவு வைத்திருக்கும் உடம்பு இரண்டு, மூன்று நாளிலேயே ஐஜிஜியைப் பொங்கவிடும். ஐஜிஎம் குறைவாக வரும், சிலரிடம் வராமலேகூட இருக்கும். அந்த ஐஜிஜி போய் என்எஸ்1 புரதத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வதால் என்எஸ்1 டெஸ்ட்டும் சீக்கிரமே நெகட்டிவ் ஆகிவிடும்.

இப்போது உங்கள் மகனின் செவ்வாய்க்கிழமைக் கார்டை மறுபடி பாருங்கள். நான்காவது நாள். என்எஸ்1 இல்லை, ஐஜிஎம் இன்னும் வரவில்லை, ஐஜிஜி பளிச்சென்று இருக்கிறது. ‘எப்போதோ வந்து போயிருக்கிறது’ என்று அதைப் படிப்பது பாதி உண்மை. முன்பு வந்திருக்கலாம், இப்போது இரண்டாவது முறையாக வந்தும் இருக்கலாம் என்பதுதான் முழு வாசிப்பு. சில கார்டுகளில் ஐஜிஜி கோடு விழும் அளவையே, பழைய தொற்றின் மிச்சத்துக்குத் தெரியாமல் இரண்டாம் தொற்றில் பொங்கும் அளவுக்குத்தான் தெரியும்படி உயர்த்தி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கார்டாக இருந்தால், காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒற்றைக் கோடு ஓர் எச்சரிக்கை. கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இது எழுதியிருக்கும். அதை விரித்துப் படிக்க வேண்டியது லேபின் பொறுப்பு.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் நாட்டின் டெங்குத் திட்டம் கார்டு டெஸ்ட்டை உறுதிப்படுத்தும் பரிசோதனையாக ஏற்பதில்லை. காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்எஸ்1 எலைசா, அதன்பின் ஐஜிஎம் எலைசா, இதுதான் கணக்கு. கார்டு பதினைந்து, இருபது நிமிடத்தில் பதில் தந்துவிடும், அது அதன் வசதி. ஆனால் மங்கலான கோட்டை இருக்கிறது என்பதா இல்லை என்பதா என்று பார்ப்பவர் கண்ணே முடிவு செய்கிறது.

எலைசா என்பது பொறுமையான வேலை. அரசு மருத்துவமனையில் ஏன் மறுநாள் பதில் தந்தார்கள் என்பதும் இதில் புரியும். 96 சின்னக் குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. அரசு மையங்களுக்குப் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரிக்கும் கிட் வருகிறது. குழிகளின் அடியில் மனித ஐஜிஎம்மைப் பிடித்துவைக்கும் ஆன்டிபாடி பூசியிருக்கும். நூறு மடங்கு நீர்த்த சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்துக் கழுவுவோம். கழுவியதும் தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ தாள்மேல் தட்டித் தட்டித் துளி ஈரம் இல்லாமல் எடுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் பதிலே மாறிவிடும். அப்புறம் டெங்கு ஆன்டிஜென் (ஐஜிஎம் பற்றிக்கொள்ளும் வைரஸ் பகுதி), மறுபடி கழுவல், அதைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி, கழுவல், நொதி, கழுவல். கடைசியில் நிறப்பொருளை ஊற்றி இருட்டில் பத்து நிமிடம். டெங்கு ஐஜிஎம் இருக்கும் குழிகள் மட்டும் நீலமாகும். அமிலம் விட்டதும் நீலம் சட்டென்று மஞ்சளாகும், அந்த மஞ்சளின் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் மெஷின் படிக்கும். ஒவ்வொரு தட்டிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று தெரிந்தே வைத்த குழிகளும் சரியாக வந்தால்தான் மற்றதை நம்புவோம். நாலைந்து மணி நேரம் ஆகும். மாதிரிகள் சேர்ந்தபின் ஒன்றாகத்தான் போட முடியும்.

உங்கள் மகனின் ரத்தம் அந்தத் தட்டில் ஏறியது ஆறாவது நாளில். ஐஜிஎம் வரவேண்டிய நாளில் வந்தது. ஆக, இது டெங்குதான். செவ்வாய்க்கிழமை பொங்கிய ஐஜிஜியையும் சேர்த்துப் பார்த்தால், அநேகமாக அவனுக்கு இது இரண்டாவது தொற்று. முதலாவது எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். டெங்கு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாமலோ ஒரு சாதாரணக் காய்ச்சலாகவோ கடந்துவிடும்.

நாள் கணக்கைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில், ஓர் இளம் பெண்ணின் ரத்தம் என் லேபுக்கு வந்தது. படிவத்தில் ‘காய்ச்சல் தொடங்கிய நாள்’ என்ற கட்டம் காலி. என்எஸ்1 மட்டும் கேட்டிருந்தார்கள். போட்டேன், நெகட்டிவ், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே பெண்ணின் பெயரில், மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பதாக எழுதி இன்னொரு மாதிரி வந்தது. விசாரித்தால், முதல் ரத்தம் எடுத்தபோதே அவருக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே ஐஜிஎம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டம் காலியாக வந்தால் வார்டுக்குப் போன் செய்து கேட்காமல் நான் எந்த டெங்கு மாதிரியையும் தொடுவதில்லை.

இனி உங்கள் நாத்தனார் சொன்ன ‘டைப்’.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள். அந்த எண்கள் கண்டுபிடித்த வரிசையில் வந்தவை, ஆபத்தின் வரிசை அல்ல. டெங்கு 1 இரண்டாம் உலகப்போர் காலத்தில் 1943-ல் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டது. டெங்கு 2 அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நியூ கினியில் இருந்த படைவீரர்களின் ரத்தத்திலிருந்து கிடைத்தது. மூன்றும் நான்கும் 1956-ல் மணிலாவில். நான்கில் எது வந்தாலும் லேசாகப் போகலாம், எது வந்தாலும் கடுமையாகலாம்.

‘டைப் 2 ஆபத்து’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. கியூபாவில் 1977-ல் டெங்கு 1 பெரிதாகப் பரவியது. நான்கு ஆண்டு கழித்து 1981-ல் டெங்கு 2 வந்தபோது 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் 1977-ல் டெங்கு 1 வந்தவர்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பிறந்து, முதல் தொற்றாக டெங்கு 2 பெற்ற குழந்தைகள் பெரும்பாலும் தப்பித்தார்கள். வைரஸின் எண்ணைவிட, எதன் பின்னால் எது வருகிறது என்பதே பெரிது என்று மருத்துவ உலகத்துக்கு அடித்துச் சொன்ன நிகழ்வு அது. முதல் வகைக்கு எதிரான ஆன்டிபாடி இரண்டாம் வகையை அழிக்கும் அளவுக்குப் பொருந்தாமல், அரைகுறையாக ஒட்டி, வைரஸைச் செல்லுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போய்விடுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இலங்கை. அங்கே சில ஆண்டுகளாக டெங்கு 1தான் ஓங்கியிருந்தது. டெங்கு 2 மறுபடி தலையெடுத்ததும் 2017-ல் 1,86,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. வகை பார்ப்பதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஊரில் ஓடும் வகை மாறுகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், மருத்துவமனைகள் படுக்கையும் ஆட்களும் தயார் செய்யலாம். உங்கள் மகன் போன்ற ஒரு தனி நோயாளிக்கு, வகை தெரிந்திருந்தாலும் மருத்துவர் ஏற்றும் திரவத்தில் ஒரு துளிகூட மாறியிருக்காது. அதனால்தான் மருத்துவமனையில் வகை பார்க்கவில்லை. அலட்சியத்தால் அல்ல.

வகையை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். இப்போது பெரும்பாலும் ரியல் டைம் பிசிஆர்தான். முதல் ஐந்து நாளுக்குள் எடுத்த ரத்தம் வேண்டும், அதுவும் உடனே பிரித்துக் குளிரில் வைத்த சீரம். ஆர்என்ஏ எளிதில் சிதைந்துவிடும், மேசைமேல் மத்தியானம் முழுக்க வெயிலடிக்கக் கிடந்த குழாயில் ஒன்றும் மிஞ்சாது. நான்கு வகைக்கும் நான்கு நிறமுள்ள துப்பறியும் துண்டுகளைக் கலந்து ஓட்டுவோம், எந்த நிறத்தின் கோடு திரையில் மேலே ஏறுகிறதோ அதுவே வகை. நான் படித்த காலத்தில் இதை, மரபுத் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பார்த்தோம். 1992-ல் லான்சியோட்டி குழுவினர் வெளியிட்ட முறை அது. முதல் சுற்றில் எல்லா டெங்குவுக்கும் பொதுவான 511 எழுத்து நீளத் துண்டு வரும். இரண்டாம் சுற்றில் டெங்கு 1 என்றால் 482, டெங்கு 2 என்றால் 119, டெங்கு 3 என்றால் 290, டெங்கு 4 என்றால் 392. புறஊதா விளக்கில் அந்தக் கோடுகள் வெவ்வேறு உயரத்தில் ஒளிரும். 119 எழுத்துத் துண்டு சின்னது என்பதால் ஜெல்லின் அடிப்பக்கத்துக்கே ஓடிப்போயிருக்கும், புதியவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

அதற்கும் முன்னால் வைரஸையே வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதில் நம் நாட்டுக்குப் பெருமையான ஒரு பங்கு உண்டு. 1960களில் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங், ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுப்புழுக்களிலிருந்து ஒரு செல்வரிசையை, அதாவது லேபில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல்களை வளர்த்தெடுத்தார். அதிலிருந்து 1978-ல் இகராஷி பிரித்த சி6/36 என்ற கிளைதான் இன்றும் உலகமெங்கும் டெங்கு வைரஸை வளர்க்கப் பயன்படுகிறது. 28 டிகிரியில் ஒரு வாரமோ அதற்கு மேலோ வளர்த்து, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி ஆன்டிபாடி போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சரியான வகைக்கு மட்டும் செல்கள் பச்சையாக ஒளிரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1968-ல் வேலூரில் டெங்கு பரவியபோது, அங்கிருந்த ஆய்வாளர்கள் மனிதர்களிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் நான்கு வகைகளையும் பிரித்தெடுத்தார்கள். பிசிஆர் இல்லாத காலம். நான்கு வகையும் நம் மண்ணுக்குப் புதிதல்ல என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி.

உங்கள் மகனுக்கு இப்போது வகை பார்க்க முடியுமா? முடியாது. ஒரு மாதம் ஆகிவிட்டது, ரத்தத்தில் வைரஸ் இல்லை, பிசிஆருக்கு எதுவும் கிடைக்காது. ஆன்டிபாடியை வைத்து வகை சொல்லும் ஒரு முறை உண்டு. நோயாளியின் சீரத்தை நான்கு வகை வைரஸோடும் தனித்தனியாகக் கலந்து, எந்த வைரஸ் செல்படலத்தில் துளை போடாமல் அடங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பது. முதல் தொற்று மட்டும் வந்தவருக்கு அது நன்றாக வேலை செய்யும். இரண்டாவது தொற்றில் எல்லா வகைக்கும் எதிர்ப்பு எகிறிவிடுகிறது. பல நேரம் பழைய வகைக்கு எதிரானதுதான் அதிகம் தெரியும். பதில் வந்தாலும் அதை நம்ப முடியாது. யாராவது ‘பார்த்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் நாட்களில் எடுத்த மாதிரிகளில் சிலவற்றைக் கண்காணிப்புக்காக கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற மேல்நிலை லேபுகளில் வகை பார்ப்பார்கள். அது ஊர் நிலவரத்துக்கான கணக்கு, வீட்டுக்கு ரிப்போர்ட்டாக வருவதில்லை.

அவனுக்கு மறுபடி வருமா என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. வந்து போன வகைகள் திரும்ப வராது, மிச்ச வகைகள் வரலாம். ஆனால் இரண்டு தொற்றைத் தாண்டியவருக்கு மூன்றாவது கடுமையாவது அரிது. கொசுவலையும், மூடிய தண்ணீர்த் தொட்டியும் அவனுக்கு எவ்வளவு வேண்டுமோ, தங்கைக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

மகளுக்கு இப்போது டெஸ்ட் வேண்டாம் என்பதே என் கருத்து. நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தால் உங்களுக்குத் தூக்கம் போகும், நெகட்டிவ் என்று வந்தால் பொய்யான தைரியம் வரும். இரண்டிலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதான். அதோடு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் டெங்குவின் சொந்தக்காரன். அந்தத் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு ஐஜிஜி டெஸ்ட் டெங்கு இருந்ததாகத் தப்பாகக் காட்டவும் கூடும்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன். உடம்பு முதலில் சுட்ட நாளையும் நேரத்தையும் அன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள். எந்த லேபுக்குப் போனாலும் அந்தத் தேதியைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும், தினமும் ஒரு ரத்த அணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அதில் பிளேட்லெட்டை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்று கேளுங்கள். பிளேட்லெட் குறையும்போதே அது ஏறினால் நீர் கசிகிறது என்று அர்த்தம். பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை, வலி ஊசி எதுவும் வேண்டாம். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் டெஸ்ட் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக மகனைப் பற்றி ஒரு குறிப்பு. அவனுடைய ஐஜிஎம் இன்னும் இரண்டு, மூன்று மாதம்வரை பாசிட்டிவாகவே காட்டலாம். அதற்குள் வேறு காய்ச்சல் வந்து, யாராவது ஐஜிஎம் பார்த்து ‘மறுபடி டெங்கு’ என்றால், போன மாதத்து ரிப்போர்ட்டைக் காட்டி வேறு காரணம் தேடச் சொல்லுங்கள். முக்கியமாக உண்ணிக் காய்ச்சலை, அதாவது ஸ்க்ரப் டைபஸை நினைவுபடுத்துங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, தலைமுடிக்குள் எங்காவது சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த சின்னப் பொருக்கு இருக்கிறதா என்று நீங்களே விளக்கு வெளிச்சத்தில் தேடிப் பாருங்கள். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து இருக்கிறது. டெங்கு என்று நினைத்துக்கொண்டு அதைக் கொடுக்காமல் விட்டுவிடக் கூடாது.